கிளாஸ் எந்தக் கையில் இருந்தது

1

கடைசி ஷாட் எடுத்த அன்று தறிக்கூடத்தில் இருந்தவர்கள், மூத்தவர் முதலாக: ஆறுமுகச்சாமி, அதாவது நான். என் தம்பி பொன்னுச்சாமி. என் மனைவி கனகலட்சுமி. எங்களுக்குக் காலம் தாழ்த்திப் பிறந்த கடைசி மகள் மாரிசெல்வி, திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு. அவளோடு படிக்கும் கடையநல்லூர் முகம்மது அர்ஷத். (அர்ஷத் அவளைவிடச் சில மாதம் இளையவன். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கடைசியில் போட்டிருக்கிறேன்.) வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் இல்லை. கேமராவைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அது வாடகைக்கு வந்தது, சேர்க்கவில்லை.

பெயர்களை வரிசைப்படுத்துவதில் நான் கண்டிப்பானவன். சங்கரன்கோவிலில் அச்சகம் நடத்துகிறேன். இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தது நான். மீதிப் பாதி ஏன் என்னிடம் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாரிசெல்வி படிப்புக்காக ஒரு குறும்படம் எடுத்தாள். அதில் நான் நடித்தேன். 'நடித்தேன்' என்று எழுதும்போது கை கூசுகிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் நடித்ததில்லை, நடித்தே ஆகவேண்டிய இடங்களில்கூட. படம் முடிந்த பிறகு, நடந்ததை எழுதி ஊருக்குத் தெரியப்படுத்தப் போகிறேன் என்றேன்.

“உள்ளதை உள்ளபடி எழுதுனா சித்தப்பா சண்டைக்கு வருவாரு. கதைன்னு எழுதுங்கப்பா” என்றாள் மாரிசெல்வி. “நடுவுல நடுவுல, எப்படி எழுதுதீங்கன்னும் எழுதுங்க. அடிச்சதைக்கூட அப்படியே விடுங்க. அதுக்கு மீபுனைவுன்னு பேரு.”

எழுதியதைப் பற்றி ஓரத்தில் எழுதுவதும், அடித்ததை அடித்தபடி விடுவதும் எங்கள் தொழிலில் பழைய விஷயம். அதற்குப் பெயர் புரூஃப். வாசகரிடம் புரூஃபைக் கொடுத்துவிட்டு இதுதான் புத்தகம் என்று சொல்லும் துணிச்சல் மட்டும் எங்களுக்கு இருந்ததில்லை.

2

தொடங்குகிறேன்.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த மறுநாள், பிரிந்திருந்த இரு சகோதரர்கள்—

வேண்டாம். சிவனும் விஷ்ணுவும் ஒரே உடம்பில் நிற்கிற ஊர் இது. அதைக் காட்டி அண்ணன் தம்பி ஒற்றுமைக்கு உவமை சொல்லாத ஆள் இந்த ஊரில் ஒருவனாவது இருக்க வேண்டும். அது நான். தவிரவும், படம் எடுத்தது தபசுக்கு முன்னால்.

நெடுநாட்களாகப் பேசாதிருந்த இரு உள்ளங்கள்—

'உள்ளங்கள்' வந்தால் அது வாழ்த்து மடல். அதற்கு ரோஸ் அட்டை வேண்டும். அடித்துவிட்டேன்.

சரி, நேராகச் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் பொன்னுச்சாமி தன் மகள் கல்யாணப் பத்திரிகையை என் அச்சகத்தில் அடிக்காமல் புளியங்குடியில் போய் அடித்தான். அதில், குடும்பத்துக்கு மூத்தவனான என் பெயர் அழைப்பவர் இடத்தில் இல்லை. கீழே, 'தங்கள் வரவை விரும்பும்' என்ற கும்பலில் இருந்தது. அவனுடைய மச்சினன்மாருக்கு அடுத்து, 'மற்றும் நண்பர்கள்' என்பதற்கு ஒரு வரி மேலே. ஒரு எழுத்தில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது வேறு. ஏன் என்று கேட்டு ஆள் அனுப்பினேன். பதில் இப்படி வந்தது:

“அவர்ட்ட குடுத்தா மாப்பிள்ளை பேரைவிட அவரு பேரு பெருசா இருக்கும்.”

இருந்திருக்கும். மாப்பிள்ளை நேற்று வந்தவர்.

அதோடு பேச்சு நின்றது. ஒரே தெரு, எதிரெதிர் வீடு. கனகலட்சுமியும் அவன் மனைவியும் கிண்ணத்தில் குழம்பு மாற்றிக்கொள்வார்கள். அவன் வீட்டுப் புளிக்குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன். குழம்போடு எனக்குச் சண்டை இல்லை.

3

மாரிசெல்விக்கு ஆசிரியர் கொடுத்த பயிற்சி இது: இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற ஒரு காட்சி. துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் பார்க்கிறவன் கண்ணில் படக்கூடாது. சென்னையில் எடிட்டிங் மேல்படிப்புக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். விண்ணப்பத்தோடு ஒரு படம் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு அவளிடம் இருக்கப்போவது இது ஒன்றுதான்.

அவள் எழுதிய கதை சின்னது. பம்பாயிலிருந்து திரும்பிய தம்பியும் உள்ளூர் அண்ணனும் ஒரு மேஜையில் டீ குடிக்கிறார்கள். அண்ணன் கேட்கிறார், தம்பி பதில் சொல்கிறான். அவ்வளவுதான். யார் நடிப்பது என்று கேட்டேன்.

“நீங்களும் சித்தப்பாவும்.”

நான் எழுந்து சட்டையை மாட்டினேன். வெளியே போக எனக்கு வேலை இருந்ததாக நினைவு.

“இருங்கப்பா. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே வேண்டாம். உங்களை இந்த ஞாயித்துக்கெழமை எடுக்குதேன். அவரை அடுத்த ஞாயித்துக்கெழமை. அப்புறம் ஒட்டிக்கிடுதேன்.”

“எதை வச்சு ஒட்டுவே?”

“பார்வையை வச்சு. நீங்க இங்கன பாப்பீங்க, அவரு அங்கன பாப்பாரு. நடுவுல வெட்டுனா, நேருக்கு நேரா பாக்குத மாதிரி ஆயிரும்.”

“வேற ஆளைப் போடேன்.”

“மூக்குக்கு எங்கப்பா போவேன்? நம்ம குடும்பத்து மூக்கு இந்த ஜில்லாவுலயே ரெண்டு பேர்ட்டதான இருக்கு.”

இது உண்மை. அதனால் ஒப்புக்கொண்டேன். அவன் வருகிற நாளில் நான் வர மாட்டேன், டைட்டிலில் என் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவன் என்ன நிபந்தனை போட்டான் என்று நான் கேட்கவில்லை. பிறகு தெரிந்தது: 'அவரு பேரு எவ்வளவு பெருசாவும் இருக்கட்டும்' என்றானாம். இதைப் பெருந்தன்மை என்று கனகலட்சுமி சொல்கிறாள். நான் திமிர் என்று எழுதுகிறேன்.

கழுகுமலை ரோட்டில் ஓடாமல் கிடந்த ஒரு தறிக்கூடத்தைப் பிடித்தார்கள். பக்கத்துக் கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. பரவாயில்லை, பேச்சை வீட்டில் வைத்துத் தனியாகப் பதிந்துகொள்ளலாம் என்றான் அர்ஷத். வந்த புதிதில் அவன் என்னை அங்கிள் என்றான். ஒரே முறைதான். பிறகு மாமா.

4

நான் யாரைப் பார்த்துப் பேசுவது? எதிர் நாற்காலியில் ஒரு விளக்குமாற்றை நிமிர்த்திக் கட்டினார்கள். அதன் கொண்டையில், பொன்னுச்சாமியின் கண் வரக்கூடிய உயரத்தில், பச்சை டேப் ஒட்டினார்கள்.*

“எப்பலே வந்தே? வந்து ரெண்டு நாளாச்சாம். ஒரு எட்டு வந்து சொல்லக்கூடாதா?” என்று நான் விளக்குமாற்றைக் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலிக்கு விளக்குமாறு இடம் மாறியது. “வரணும்னுதாண்ணே இருந்தேன்” என்று பொன்னுச்சாமி அதனிடம் சொல்லியிருக்கிறான். அறுபது தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரே விளக்குமாற்றிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறோம். இதைக் கலை என்கிறார்கள்.

(* விளக்குமாறு கனகலட்சுமியுடையது. “படம் எடுத்து முடிச்சதும் என் வாரியலை ஒழுங்காக் குடுத்துரணும்” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.)

இரண்டையும் ஒட்டி வீட்டில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள் மாரிசெல்வி. நான் வலது பக்கம் பார்த்துக் கேட்கிறேன். வெட்டு. பொன்னுச்சாமியும் வலது பக்கம் பார்த்துப் பதில் சொல்கிறான். மறுபடி நான், வலது பக்கம். மறுபடி அவன், அதே வலது பக்கம்.

முதலில் சிரித்தது கனகலட்சுமி.

“என்னட்டி இது? ரெண்டு பேரும் புளியங்குடி பஸ் வருதான்னு எட்டிப் பாக்குத மாதிரில்லா இருக்கு?”

மாரிசெல்வி அர்ஷத்தின் பக்கம் திரும்பினாள். “லைனைத் தாண்டிட்டியேல, கூறுகெட்டவனே.”

“சன்னல் வெளிச்சம் அந்தப் பக்கந்தான செல்வி நல்லா இருந்துச்சு.”

“வெளிச்சம் கூப்பிட்டா போயிருவியோ?”

எனக்கு விளங்கவில்லை. அர்ஷத் கோலப்பொடி டப்பாவை எடுத்துவந்து, தரையில் இரண்டு வட்டம் போட்டான். ஒன்று நான், ஒன்று தம்பி. இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு இழுத்தான்.

“மாமா, ரெண்டு பேரு பேசுனா நடுவுல இப்படி ஒரு கோடு இருக்கு. கேமரா இந்தக் கோட்டுக்கு ஒரு பக்கமாத்தான் நிக்கணும். இங்கன நின்னா நீங்க வலது பக்கம் பாப்பீங்க, அவரு இடது பக்கம் பாப்பாரு. சரியா ஒட்டும். கோட்டைத் தாண்டி அங்கன போயிட்டா, ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்குத மாதிரி ஆயிரும். அதான் பஸ்ஸு.”

“இது யாரு போட்ட சட்டம்?”

“கண்ணு போட்ட சட்டம் மாமா.”

“பேசாம இருக்கவங்களுக்கு நடுவுல?”

“அப்பவும் இருக்கும். பாத்துக்கிட்டா போதும்.”

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் அந்தக் கோட்டை வைத்து ஒரு பக்கம் எழுதியிருப்பார். தெருவுக்கு நடுவே, இரண்டு வீட்டுக்கும் இடையே, என்று. நான் கோலப்பொடியைக் கூட்டச் சொன்னேன்.

பொன்னுச்சாமியின் பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்தார்கள். இந்த முறை ஒட்டியது. நான் கேட்கிறேன். அவன் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறான். அவன் பார்த்தது விளக்குமாறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் லேப்டாப் முன்னால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் எப்போதும் நிமிர்ந்துதான் உட்காருவேன் என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

5

ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“மூஞ்சி மூஞ்சியா வெட்டிப் போட்டிருக்கே. இவங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் இருக்காங்கன்னு நான் எப்படி நம்புறது? ஒரு ஷாட்லயாவது ரெண்டு பேரையும் சேத்துக் காட்டு” என்றாராம். அது இல்லாமல் சென்னைக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள் என்றும் சொன்னாராம். நான் அந்த மனிதரைப் பார்த்ததில்லை. கேள்வி நியாயமானது. நாங்கள் ஒரே தெருவில் இருக்கிறோம் என்பதே பல பேருக்குச் சந்தேகம்.

மாரிசெல்வி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு என் நிபந்தனை இருந்தது. ஒரு சொல் கொடுத்தால் ஆறுமுகச்சாமி அதை மாற்ற மாட்டான் என்பதை வைத்துத்தான் இந்த ஊரில் எனக்கு முன்பணம் இல்லாமலே காகிதம் தருகிறார்கள்.

வழி சொன்னது அர்ஷத். தம்பியின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைப்பது. தோளும் கையும் தெரியும், முகம் தெரியாது. எதிரே என் முகம். பின்னால் இருந்து பார்த்தால் யாராயிருந்தால் என்ன? பொன்னுச்சாமியின் சட்டையையும் துண்டையும் வாங்கி அவனே போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தலையில் கொஞ்சம் விபூதி தடவி நரையும் வரவழைத்தார்கள். அவனுடைய உம்மா பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கனகலட்சுமி கவலைப்பட்டாள். “யா அல்லாஹ்ன்னு சொல்லிட்டு போட்டோ எடுப்பாங்க” என்றான்.

“மாமா, என்னயப் பாத்துப் பேசுங்க. நாந்தான் உங்க தம்பின்னு நெனச்சுக்கோங்க.”

“நெனச்சா பேச்சு வராதுல.”

“அப்போ வாரியலுன்னு நெனச்சுக்கோங்க.”

வசனம் சரளமாக வந்தது.

அன்று சாயங்காலமே வீட்டில் ஒட்டிப் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. துண்டு அதே தோளில். சட்டைக் காலரின் மடிப்பு அதே. கிளாஸில் டீ எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நின்றது. போன தடவையே கிளாஸில் பேனாவால் புள்ளி வைத்திருந்தாள் மாரிசெல்வி. இதைத் தொடர்ச்சி என்கிறார்கள். எங்கள் தொழிலிலும் உண்டு: பக்கம் சரியாக இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், ஒரு எழுத்து சாய்ந்தால் ஊரே பார்க்கும்.

அர்ஷத் கைதட்டினான். மாரிசெல்வி அன்றைக்குத்தான் முதலில் சிரித்தாள்.

“நிறுத்து” என்றேன் நான்.

6

நான் சும்மா இருந்திருக்கலாம். இதைப் படிக்கிற உங்களில் பலர் சும்மா இருந்திருப்பீர்கள்.

“அவன் இடது கைக்காரன்” என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரையைக் காட்டினேன். பொன்னுச்சாமியின் முகம் தெரிகிற ஷாட்டில் கிளாஸ் இடது கையில். வெட்டு. தோள் தெரிகிற ஷாட்டில் அதே கிளாஸ் வலது கையில். மட்டத்துக்குப் புள்ளி வைத்தவர்கள் கையைப் பார்க்கவில்லை.

“ஆமா மாமா” என்று தலையில் கை வைத்தான் அர்ஷத். விபூதி உதிர்ந்தது. “ஆனா யாரும் கவனிக்க மாட்டாங்க. ஒரு செகண்டுதான.”

“யாரும்னா யாருல? இந்த ஊர்ல எல்லாருக்கும் அவனைத் தெரியும். பேசாம இருந்து இருந்து தம்பிக்கு எந்தக் கைன்னே அண்ணன்காரன் மறந்துட்டான்னு சொல்லுவானுவ. எங்க அப்பா அடிச்சும் மாறாத கை அது. நீ மாத்துவியோ?”

சரி, இடது கையால் பிடிக்கிறேன் என்றான். பிடித்தான். விருந்துக்கு வந்தவன் மாதிரி இருந்தது. கிளாஸின் விளிம்பைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துத் தூக்கி, சுட்டுவிரலை நீட்டியே வைத்திருப்பான் பொன்னுச்சாமி. சூடு என்பதால் அல்ல. ஆறிய டீக்கும் அப்படித்தான். அதைச் சொல்லிப் பார்த்தேன், அர்ஷத்துக்கு வரவில்லை. எடுத்துப் பிடித்துக் காட்டினேன். பிடித்துக்கொண்டே நிமிர்ந்தபோது மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளாஸை வைத்துவிட்டேன்.

“இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்கள்லா” என்றாள் கனகலட்சுமி. “அப்போ அந்தக் கையையே கூப்பிடுங்களேன்.”

“நான் கூப்பிட மாட்டேன்.”

“நீங்க கூப்பிட வேண்டாம். கை வேணும்னு நான் போய்ச் சொல்லுதேன்.”

அவள் தெருவைத் தாண்டினாள். நான் சன்னல் பக்கம் போகவில்லை. மாரிசெல்வி போனாள். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

“முதுகுதான மைனி வேணும்?” என்றான் பொன்னுச்சாமி. குரலை வேண்டுமென்றே உயர்த்தினான். “தாராளமாக் காட்டுதேன். ஏழு வருசமா அவருக்கு அதைத்தான காட்டிக்கிட்டு இருக்கேன்.”

7

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். பொன்னுச்சாமி என்ற இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாகப் படவில்லை. படிக்கப் படிக்க நல்லவனாக வந்துகொண்டிருக்கிறான். சுவையாகப் பேசுகிறான். கூப்பிட்டதும் வருகிறான். உங்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்று தெரிகிறது.

அது முழு உண்மை இல்லை. சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், பிடிபட்டால் சிரிப்பான். பந்தியில் தனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் இரண்டாவது முறை பாயசம் வரும்படி கண் காட்டுவான். எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும், அதற்காக நடுச்சண்டையில் எழுந்து போய்விடுவான். இவற்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆறுமுகச்சாமி என்ற பாத்திரத்தைப் பற்றியும் மாரிசெல்வி ஒரு குறை சொன்னாள். “அவரு ஏம்பா அந்தத் தப்பைக் காட்டிக் குடுத்தாரு? காட்டலைன்னா தம்பியே வந்திருக்க வேண்டாமே. காரணம் பத்தலை” என்று. குடும்ப மரியாதை என்று எழுதியிருக்கிறேனே என்றேன். “அது அவரு சொல்லுத காரணம்” என்றாள்.

சினிமா படிப்பில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

8

எனக்கும் ஒரு வழி செய்துகொடுத்தாள் மாரிசெல்வி. “நீங்க நிபந்தனையை மாத்தலைப்பா. அவரு நடிக்க வரலை. கைதான் வருது.” இது தர்க்கமா இல்லையா என்று நான் ஆராயவில்லை.

அன்று தறிக்கூடத்தில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் முன்னதாகப் போய் உட்கார்ந்திருந்தேன். பொன்னுச்சாமி வந்து, எதிர் நாற்காலியைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். துண்டை மாரிசெல்வி சரி செய்தாள். கனகலட்சுமி டீ ஊற்றினாள். புள்ளிக்கு மேல் போய்விட்டது என்று அர்ஷத் கத்தவும், பொன்னுச்சாமி ஒரு வாய் குடித்துப் புள்ளிக்குக் கொண்டுவந்தான். பக்கத்துத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஏழு வருடங்களுக்குப் பிறகு அந்த முகத்தை நான்—

(முகம் முகம்தான். மூக்கு அதே மூக்கு. கொஞ்சம் இளைத்திருந்தான். சர்க்கரை என்று கனகலட்சுமி எப்போதோ சொன்னது. டீயில் சீனி போட்டாளா இல்லையா என்று நான் அப்போதுதான் யோசித்தேன்.)

“அப்பா, நீங்க வசனம் சொல்லுங்க. சித்தப்பா, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். உங்க முகம் தெரியாது. அப்பா சொல்லி முடிச்சதும் கிளாஸை எடுத்துக் குடிங்க. அவ்வளவுதான்.”

இதைக் காதருகே வந்து கத்திச் சொன்னாள். அப்படிச் சொன்னால்தான் கேட்கும். பிறகு கேமரா இருக்கும் தூரத்துக்குப் போய்க் கையை உயர்த்தி, கீழே இறக்கினாள்.

“எப்பலே வந்தே?” என்றேன்.

விளக்குமாற்றிடம் சொன்ன அதே வசனம். ஒரு எழுத்து மாறவில்லை.

“வந்து ரெண்டு நாளாச்சாம். ஒரு எட்டு வந்து சொல்லக்கூடாதா?”

அவன் இடது கையால் கிளாஸை எடுத்தான். விளிம்பில் இரண்டு விரல், சுட்டுவிரல் நீண்டிருந்தது. உதட்டுக்குக் கொண்டுபோனவன் குடிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மேஜைமேல் கொஞ்சம் சாய்ந்து, ஏதோ சொன்னான்.

அது வசனத்தில் இல்லை.

நான் பதில் சொன்னேன். அதுவும் வசனத்தில் இல்லை. அவன் மறுபடி சொன்னான். தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கேமரா அவன் தோளுக்குப் பின்னால் இருந்தது. மாரிசெல்வி கையை உயர்த்தவில்லை. நிறுத்து என்று சொல்ல வேண்டியவள் அவள். அவள் சொல்லவில்லை.

அப்புறம் பொன்னுச்சாமி டீயைக் குடித்தான்.

9

வீட்டில், கட்டிலைச் சுற்றிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, உள்ளே மைக்கை வைத்து, என்னை உட்காரச் சொன்னாள் மாரிசெல்வி. டப்பிங். முதல் இரண்டு வரிகள் முடிந்தன. திரையில் என் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

“இங்கன என்னப்பா சொன்னீங்க?”

“தெரியாது.”

“உதடு அசையுதுல்லா?”

“வெட்டிரு.”

“வெட்ட மாட்டேன். படத்துலயே நல்ல இடம் இதுதான். சொல்லுங்க, என்ன சொன்னீங்க? அவரு என்ன கேட்டாரு?”

“குடும்ப விஷயம்.”

“நான் யாரு?”

நியாயமான கேள்விதான். இருந்தாலும் சொல்லவில்லை.

“சித்தப்பாட்ட கேட்டேன்” என்றாள். “'உங்க அப்பாட்ட கேளு'ங்காரு.”

“சரியாச் சொல்லியிருக்கான்” என்றேன். அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று கனகலட்சுமி போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

கடைசியில் மாரிசெல்வி அந்த இடத்தில் எங்கள் குரல் எதையும் போடவில்லை. தறிச் சத்தத்தை மட்டும் விட்டாள். என் முகம் தெரிகிறது, வாய் அசைகிறது, தறி ஓடுகிறது. ஆசிரியருக்குப் பிடித்ததாம். படம் சென்னைக்குப் போயிருக்கிறது. இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

கதைக்கு முடிவு வேண்டும். கிடைத்தவற்றைத் தருகிறேன்.

தம்பி மன்னிப்புக் கேட்டான் என்பது ஒன்று. எனக்குப் பிடித்த முடிவு. பெரிய எழுத்தில் போடலாம்.

நான் கேட்டேன் என்பது கனகலட்சுமியின் முடிவு. எழுதிப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது மாதிரி இல்லை.

“'டீயில சீனி இருக்குண்ணே, நான் குடிக்கலாமா'ன்னு கேட்டிருப்பாரு. 'குடி'ன்னிருப்பீங்க” என்பது அர்ஷத்தின் முடிவு. பையன் முட்டாள் இல்லை என்பதற்காக இதையும் சேர்க்கிறேன்.

நாலாவது உங்களுடையது. அச்சகக்காரன் வழக்கப்படி இடம் விட்டிருக்கிறேன், நிரப்பிக்கொள்ளுங்கள். என் உதட்டைப் பார்த்து எழுதுவதாக இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை.

பொன்னுச்சாமி: ................................................

நான்: ................................................

பொன்னுச்சாமி: ................................................

கடைசி வரி அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். அவன் சுபாவத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

10

படம் இப்போது ஊரில் போன் போனாகச் சுற்றுகிறது. அச்சகத்துக்குப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நானும் தம்பியும் சேர்ந்து வருகிற அந்த ஷாட்டைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பொன்னுச்சாமி அந்தப் பக்கமே வரவில்லையாம். சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கடையநல்லூர்ப் பையனாம். எல்லாம் எடிட்டிங்காம். ஆறுமுகச்சாமியாவது, தம்பி எதிரில் உட்காருவதாவது, என்று சொல்கிறார்களாம்.

தவறு. பொன்னுச்சாமி வந்தான். என் எதிரில் உட்கார்ந்தான். அந்த முதுகு என் தம்பியுடையது.